சொடக்கா, இழுவையா? இடுப்பு வலிக்கான கைரோபிராக்டிக் முறைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில் கைரோபிராக்டருக்கு, அதாவது முதுகுத்தண்டையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் வைத்தியருக்கு, பஞ்சம் கிடையாது. 1895இல் டி.டி. பால்மர் இந்த வைத்தியத்தைத் தொடங்கிய ஊர் இது. அவர் பெயரிலான கல்லூரி இன்றும் பிராடி தெருவின் மேட்டில் இருக்கிறது. மிசிசிப்பிக்கு அக்கரையில் உள்ள மோலினுக்கு டிராக்டர் நிறுவன வேலைக்காக வந்து, இந்தப் பகுதியிலேயே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எங்களில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால், எந்த கிளினிக் நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அங்கே எந்த முறையில் சிகிச்சை செய்கிறார்கள் என்பதை அதற்கு முன்பே விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் ஐந்தாறு முறைகள் நடக்கின்றன. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை.

எனக்கு இருந்தது தட்டுப் பிதுக்கம்: முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு (டிஸ்க்) வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவது. கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவே, எம்.ஆர்.ஐ அறிக்கையில் எல்5-எஸ்1 என்று வரும் இடம். வலி இடது பிட்டத்தில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. குடும்ப மருத்துவர் வலி மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். கைரோபிராக்டரிடம் போகவும் தடை சொல்லவில்லை. விசாரித்துப் படித்து நான் தேர்ந்தெடுத்தது காக்ஸ் முறை என்று அழைக்கப்படும் வளைத்து இழுக்கும் சிகிச்சை. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயாளியாக அனுபவித்ததையும் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

எந்த முறையிடமும் அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகுத்தண்டைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை எவ்வளவு உதவுகிறது என்பதை 47 சோதனைகளைக் கொண்டு எடைபோட்ட ஆய்வு ஒன்று 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உடற்பயிற்சி போன்ற மற்றப் பரிந்துரைகள் தரும் பலனுக்கு ஏறத்தாழ இணையான பலன் என்பது அதன் முடிவு. அமெரிக்க மருத்துவர்களின் ஏ.சி.பி அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் இதையும் சேர்த்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே செய்யலாம் என்கிறது. புதிதாகப் பிடித்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் போட்டியாளர் டைவர்சிஃபைட் என்ற முறை. கைரோபிராக்டர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவதும், காணொளிகளில் நாம் பார்ப்பதும் இதுதான். அமெரிக்க கைரோபிராக்டர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி, இனிமேல் திரும்பாது என்ற எல்லைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று ஒரு தள்ளு. சொடக்கு கேட்கும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது. எலும்பு இடம் மாறி உட்கார்ந்த சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சத்தம் வந்ததா இல்லையா என்பதற்கும் வலி குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது.

இந்த முறையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. புதிதாகப் பிடித்த, காலுக்கு இறங்காத இடுப்பு வலிக்கு இதுதான் முன்னால் நிற்கிறது. வலி தொடங்கி 12 வாரத்துக்குள் இருந்த 107 பேரை மூன்று குழுவாகப் பிரித்து அமெரிக்காவில் நடத்திய சோதனை 2015இல் ‘ஸ்பைன்’ இதழில் வெளியானது. ஒரு குழுவுக்குக் கையால் தள்ளும் சிகிச்சை, இன்னொன்றுக்குக் கருவியால் தட்டும் சிகிச்சை, மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவம். நான்கு வார முடிவில் கையால் செய்த குழு தெளிவாக முன்னால் இருந்தது. கருவிச் சிகிச்சை வழக்கமான மருத்துவத்தைத் தாண்டவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்றும் ஒன்றாகிவிட்டன. அதாவது இங்கே கிடைத்தது வேகமான நிவாரணம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிறவருக்கு அந்த நான்கு வாரம் சிறிய விஷயம் இல்லை. என் அலுவலகத்தில் மதுரைக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். பனி அள்ளும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. “ஒரே சொடக்கு அண்ணே, எழுந்து நடந்து காருக்குப் போனேன்” என்று இன்னமும் சொல்கிறார். அவர் சொல்வதை முழுக்க நம்புகிறேன். அவருக்கு வலி இடுப்போடு நின்றிருந்தது, வந்தும் சில நாள்தான் ஆகியிருந்தது. யாருக்கு இந்தத் தள்ளு நன்றாக வேலை செய்யும் என்று பிசியோதெரபிஸ்டுகள் 2004இல் சோதித்த ஐந்து அடையாளங்களில் இரண்டு இவை: வலி வந்து 16 நாளுக்குள் இருப்பது, முழங்காலுக்குக் கீழே எதுவும் இறங்காமல் இருப்பது. என் வலி இரண்டாவது வரியிலேயே அடிபட்டுவிட்டது.

கான்ஸ்டெட் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விஸ்கான்சினின் மவுண்ட் ஹோரெப் என்ற சிற்றூரில் இருந்த கிளாரன்ஸ் கான்ஸ்டெட் உருவாக்கியது. அந்தச் சிற்றூருக்கே விமானத்தில் நோயாளிகள் வந்து இறங்குவார்கள் என்னும் அளவுக்குப் பெயர் பெற்றவர். இதுவும் தள்ளும் சிகிச்சைதான். தள்ளுவதற்கு முன் முழு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்து, அதில் கோடு போட்டு அளந்து, எந்த முள்ளெலும்பு என்று குறித்துக்கொண்டு, உடலை அதிகம் முறுக்காமல் அந்த ஓர் எலும்பை மட்டும் தள்ளுகிறார்கள். அந்தப் பொறுமையும் ஒழுங்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. எக்ஸ்ரேதான் என்னைத் தடுத்தது. எச்சரிக்கை அடையாளம் எதுவும் இல்லாத புதிய இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் அறிவுறுத்தியது. தவிர, இடுப்பில் தள்ளும்போது சொடக்கு எந்த மூட்டில் வருகிறது என்று 2004இல் அளந்து பார்த்தார்கள். குறிவைத்த மூட்டில் வந்தது பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான். மில்லிமீட்டர் கணக்கில் கோடு போட்டு அளந்தாலும், விசை அந்த இடத்துக்கே போய்ச் சேரும் என்ற உறுதி கிடைக்காதபோது அவ்வளவு கதிர்வீச்சு எதற்கு?

தாம்சன் முறையில் மேசையே பாதி வேலையைச் செய்கிறது. மேசையின் ஒரு துண்டைச் சிறிதளவு உயர்த்திவைத்துத் தள்ளுவார்கள். அது தடாலென்று கீழே இறங்கி விசையின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். குப்புறப் படுத்தபடியே முடிந்துவிடும், முறுக்கு இல்லை. ஆக்டிவேட்டர் என்பது கைக்குள் அடங்கும் சுருள்வில் கருவி. ‘டிக்’ என்று ஒரு தட்டு. ஆர்லன் ஃபுர், வாரன் லீ என்ற இருவர் 1960களில் உருவாக்கத் தொடங்கியது. மென்மையானது, பயமில்லாதது. முறுக்குவதைக் கண்டு அஞ்சுகிறவருக்கு இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 2015ஆம் ஆண்டுச் சோதனை முடிவைப் படித்த பிறகு அதற்குப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டும் என் உடம்பில் செய்து பார்க்காதவை. ஆகையால் இவற்றைப் பற்றி இதற்கு மேல் அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இனி என் பக்கம். வளைத்து இழுக்கும் மேசை கைரோபிராக்டர்களின் கண்டுபிடிப்பு இல்லை. மிசௌரியில் ஆஸ்டியோபதி மருத்துவர் ஜான் மக்மானிஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு மேசை செய்தார். இந்தியானாவின் ஃபோர்ட் வேனைச் சேர்ந்த கைரோபிராக்டர் ஜேம்ஸ் காக்ஸ் பின்னாளில் அதை எடுத்து, தட்டுப் பிதுக்கத்துக்கு ஏற்ற ஒழுங்குமுறையாக்கினார். குப்புறப் படுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே மேசை இரண்டாகப் பிரிந்து, கால்பக்கம் தனியாக அசையும். மருத்துவர் ஒரு கையை நோயுள்ள தட்டுக்கு மேலே இருக்கும் முள்ளெலும்பின் மீது ஊன்றிக்கொள்வார். மறு கையால் மேசையின் கால்பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்குவார். முள்ளெலும்புகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை உணர முடியும். நான்கு நொடி இழுப்பு, விடுப்பு, அப்படி ஐந்து. இருபது நொடி ஆனதும் ஓய்வு. இதேபோல் மூன்று சுற்று. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்த இழுப்பு மட்டும்தான். பக்கவாட்டில் வளைப்பது, சுழற்றுவது எல்லாம் கால் வலி ஓய்ந்த பிறகே. உடற்கூறு ஆய்வகத்தில் முதுகுத்தண்டுகளில் வைத்து அளந்தபோது, இப்படி இழுக்கும் நேரத்தில் தட்டுக்குள் அழுத்தம் குறைந்திருக்கிறது. உயிருள்ள உடம்பில் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது வேறு கேள்வி.

பலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள்பட்ட வலி உள்ள 235 பேரை வைத்து, இந்த முறையையும் உடற்பயிற்சித் திட்டத்தையும் ஒப்பிட்ட சோதனை 2006இல் வெளியானது. வலிக் குறைவில் இழுவை முன்னால் வந்தது, நரம்பு வலி காலுக்கு இறங்கியவர்களிடம் இன்னும் தெளிவாக. மொத்தப் பேரில் ஒரு பகுதியினரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த கிளைக்குழுக் கணக்கு என்பதால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கச் சாட்சியும் வலுவாகவே இருக்கிறது. தட்டுப் பிதுக்கமும் கால் வலியும் உள்ள 102 பேருக்கு ரோமில் தள்ளும் சிகிச்சை செய்து, சிகிச்சை செய்வதுபோல் பாவனை மட்டும் செய்யும் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார்கள். கால் வலி முழுதும் நீங்கியவர்கள் உண்மையான சிகிச்சைக் குழுவில் 55 விழுக்காடு, பாவனைக் குழுவில் 20 விழுக்காடு. ஆகத் தட்டுப் பிதுக்கம் என்றாலே தள்ளக் கூடாது என்று யாராவது சொன்னால் அது மிகை. எங்கள் டாவன்போர்ட்டின் பால்மர் ஆய்வு மையமோ, 55 வயதைத் தாண்டிய 240 பேரிடம் தள்ளும் முறையையும் வளைத்து இழுக்கும் முறையையும் நேருக்கு நேர் சோதித்து, 2009இல் முடிவைச் சொன்னது: இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு இல்லையென்றால் எதற்கு ஒரு பக்கம் சாய்கிறேன்? நடுவில் ‘போதும்’ என்று சொல்ல முடியுமா என்ற ஒரே கேள்விக்காக. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

கையால் தள்ளும் அந்தக் கணம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. அப்படி முடிவதுதான் அதன் உத்தியே. தசை விழித்துக்கொண்டு எதிர்ப்பதற்குள் மூட்டு அசைந்துவிட வேண்டும். தசைக்கே நேரமில்லாதபோது நோயாளியின் நாவுக்கு ஏது நேரம்? நல்ல கைரோபிராக்டர் தள்ளுவதற்கு முன் அந்த முறுக்கிய நிலையில் சற்று நிறுத்தி, கால் வலி கூடுகிறதா என்று கேட்பார். கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் முறுக்கைப் பற்றியது. தள்ளு எப்படி இருக்கும் என்பதற்கு அதில் முழு விடை கிடையாது. தள்ளிய பிறகுதான் தெரியும், தெரிந்தபின் திரும்ப எடுக்க முடியாது.

இழுவையில் ஒவ்வொரு நான்கு நொடியும் ஒரு கேள்வி. முதல் தடவை போனபோது என் கணுக்காலை மேசையோடு கட்டவே இல்லை. மருத்துவர் ஒரு கையை முதுகில் ஊன்றி, மறு கையால் காலை மட்டும் லேசாகக் கீழ்ப்பக்கம் இழுத்து, வலி எங்கே என்று கேட்டார். இடது, வலது, பிறகு இரண்டும். அதைத் தாங்க முடிந்த பிறகுதான் மேசை அசைந்தது. கிணற்றில் கயிற்றைப் பிடிவிடாமல் கைமாற்றிக் கைமாற்றி வாளியை இறக்குவது போல, ஒவ்வோர் அங்குலத்திலும் நிறுத்தும் அதிகாரம் கையில் இருக்கிறது. கெண்டைக்காலில் சுரீர் என்றால் சொல்வேன். அவர் அந்த ஆழத்திலிருந்து மேலே வருவார், அடுத்த இழுப்பு அதற்கு முந்தைய அளவோடு நிற்கும். வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறினால், பிட்டத்தில் மட்டும் தங்கினால், அது நல்ல திசை. கீழே இறங்கினால் கெட்ட திசை. காலில் பரவும் வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பிசியோதெரபியிலும் நெடுங்காலமாகப் பார்க்கப்படும் அடையாளம்தான். அந்த அடையாளத்தைச் சிகிச்சை நடக்கும்போதே படித்துக்கொண்டு அளவை மாற்ற இந்த மேசை இடம் கொடுக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் நரம்பு நாளுக்கு நாள் மாறும். நேற்றுத் தாங்கியது இன்று தாங்காமல் போகலாம். என் அனுபவத்தில், நீண்ட கார்ப் பயணத்துக்கு மறுநாள் பாதி ஆழத்துக்கு மேல் போக முடியவில்லை. அங்கேயே நிறுத்திக்கொண்டோம், வீட்டுக்கு வலி கூடாமல் போனேன். தள்ளும் முறையில் அப்படி ஒரு பாதி எங்கே இருக்கிறது?

காக்ஸ் முறைக்குள்ளேயே காலக்கெடுவும் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான்கு வாரத்துக்குள் வலி பாதியாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் மேலும் பரிசோதனை, வேறு மருத்துவரின் கருத்து. பாதி குறைந்ததும் வருகை எண்ணிக்கையையும் பாதியாக்குவார்கள். என் வலி கெடுவுக்குள் பாதிக்குக் கீழே வந்தது. பிசியோதெரபியின் பயிற்சிகளையும் விடாமல் செய்துகொண்டிருந்ததால், எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பணக் கணக்கிலும் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டுக்குக் கைரோபிராக்டர் அனுப்பும் சிகிச்சைக் குறியீடு, முதுகில் எத்தனை பகுதிகளைச் சரிசெய்தார் என்பதைப் பொறுத்தது: ஒன்று அல்லது இரண்டுக்கு 98940, மூன்று நான்குக்கு 98941, ஐந்துக்கு 98942. எந்த முறை என்பதற்கு அதில் இடமே இல்லை. சில நிமிடத்தில் முடியும் சொடக்குக்கும், பொறுமையாகக் கால் மணி நேரம் நின்று செய்யும் இழுவைக்கும் ஒரே குறியீடு. இழுவை மேசை எல்லா கிளினிக்கிலும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சில இடங்களில் ‘டிகம்ப்ரெஷன்’ என்ற பெயரில் மோட்டார் மேசையில் கட்டி இழுத்து, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நான் விசாரித்த ஓர் இடத்தில் பரிசோதனை முடிவதற்கு முன்பே மொத்தத் தொகுப்புக்கும் முன்பணம் கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். முதுகில் ஒரு கை ஊன்றியபடி, கேட்டுக் கேட்டு இழுப்பதும், கணினியில் எடையைப் பதிந்துவிட்டு அறையை விட்டுப் போவதும் ஒன்றல்ல. 65 வயதைத் தாண்டி, மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கைரோபிராக்டரின் கையால் நடக்கும் முதுகுத்தண்டுச் சரிசெய்தலுக்கு மட்டுமே அது பணம் தரும். அவர் எடுக்கும் எக்ஸ்ரேக்கும், வலி நின்ற பிறகு தொடரும் பராமரிப்பு வருகைகளுக்கும் தராது.

எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழந்தவர்களுக்குத் (ஆஸ்டியோபோரோசிஸ்) தள்ளும் சிகிச்சை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குளிர்காலத்தில் எங்களோடு தங்க வந்த என் அத்தை, “உனக்குச் செய்தவரிடமே என்னையும் கூட்டிப்போயேன்” என்றார். “அத்தை, உங்களுக்கு முதலில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுப்போம், பிறகு பார்க்கலாம்” என்றேன். அறிக்கை வந்த பிறகு நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது: இவற்றில் எது தோன்றினாலும் எந்த மேசையும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

கால் வலி உள்ளவர் தொலைபேசியில் கேட்க வேண்டியவை மூன்று. வளைத்து இழுக்கும் மேசை இருக்கிறதா, அதைக் கையால் இயக்குகிறீர்களா? முதல் வருகையில் கால் விரலின் வலுவையும் அனிச்சைச் செயலையும் உணர்ச்சியையும் பார்ப்பீர்களா? நான்கு வாரத்தில் குறையாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஒரு மருத்துவர் பெயரைச் சொன்ன இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

கர்ப்பிணிகளுக்கு எது, தண்டுவடப் பாதை குறுகிய முதியவர்களுக்கு எது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் அனுபவப் பதில் இல்லை. எனக்கே அடுத்த தடவை கால் வலி இல்லாமல் இடுப்பு மட்டும் பிடித்தால், சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதுரைத் தம்பி போன இடத்துக்கே ஒருக்களித்துப் படுக்கப் போவேன்.